பள்ளியிலேயே கல்லூரிப் பாடம்: பட்டம் சீக்கிரம் கிடைக்குமா?

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தையும் படித்து, ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்னாடியே பட்டம் வாங்கிவிடலாம். 2022-23 கல்வி ஆண்டில் சுமார் 25 லட்சம் மாணவ-மாணவிகள் இப்படிப் படித்தார்கள்.

ஆனால் படித்த எல்லோருக்கும் வருஷம் மிச்சமாவதில்லை!

120 சேரணும்

அங்கே பட்டத்துக்கு "கிரெடிட்" கணக்குதான். ஒரு பாடம் பாஸ் செய்தால் பெரும்பாலும் 3 கிரெடிட். வருஷத்துக்கு 30 வீதம், 4 வருஷத்தில் 120 சேர்ந்தால் பட்டம் கையில்.

நம்ம ஊர் பிளஸ்-1, பிளஸ்-2 வயசுப் பிள்ளைகள் இதைப் பள்ளியிலேயே சேர்க்க ஆரம்பிக்கிறார்கள். ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும்.

மாநிலம் முழுவதற்குமாக இதற்கு வழிவிட்டதில் மின்னசோட்டா முன்னோடி. அது 1985-ல். புளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணம் கிடையாது. டெக்சாஸில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக்க 2023-ல் சட்டம் வந்தது.

எங்கே இடிக்கிறது?

ஒரு மாணவன் ஆங்கிலம், சரித்திரம், பொருளாதாரம் என்று பத்துப் பாடம் முடித்து 30 கிரெடிட் வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சேருவது இன்ஜினீயரிங். அங்கே கணக்கு முடித்தால்தான் பௌதிகம், அது முடித்தால்தான் அடுத்த பாடம். மாடிப்படி மாதிரி, தாவ முடியாது. 30 இருந்தும் 4 வருஷம் ஆகலாம்.

"ஏற்றுக்கொண்டோம்" என்று கல்லூரி சொல்வதிலும் சூட்சுமம் உண்டு. விருப்பப் பாடமாக எழுதிக்கொண்டு, முக்கியப் பாடத்தில் ஒன்றைக்கூட குறைக்காமல் விடலாம்.

டெக்சாஸில் 42 கிரெடிட் பொதுப் பாடத் தொகுப்பு எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் செல்லும். மாநில எல்லை தாண்டினாலோ, தனியார் பல்கலைக்கழகம் என்றாலோ, அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

இன்னொரு வில்லங்கம்: 16 வயசில் விளையாட்டாக வாங்கிய மோசமான மார்க்கும் கல்லூரி மார்க்தான். பிறகு மருத்துவப் படிப்புக்கு மனு போடும்போதும் அதைக் காட்டியாக வேண்டும்.

கேட்கத் தெரிந்தவருக்கு லாபம்

எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு என்று முதலில் முடிவு செய்து, எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்று அங்கேயே விசாரித்துவிட்டுப் படிப்பவர்களுக்குத்தான் வருஷம் மிச்சமாகிறது. ஒரு வருஷக் கட்டணம் மிச்சம், ஒரு வருஷச் சம்பளம் லாபம்.

அப்பா, அம்மா கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டில் இதை யார் விசாரிப்பது? பள்ளி ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். 2023-24 கணக்குப்படி ஒரு ஆலோசகருக்குச் சராசரியாக 376 மாணவர்கள்!