தீபாவளிக் காலையும் சுடச்சுட இட்லியும்

காலை நடைக்கு வரும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். போன வாரம் பூங்கா பெஞ்சில் ஒருவர் சொன்னார்: "பண்டிகை அன்னிக்கு முந்தின நாள் செஞ்சதைத் தின்கிறதா? என் வீட்டில அந்தப் பழக்கமே கிடையாது சார்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த பெஞ்சில் ஒருவர்கூடத் தீபாவளி விடியலில் அடுப்புப் பற்றவைத்தவர் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து மகள் குடும்பம் மூன்றரை மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கும். அதற்குள் என் மனைவி எழுந்து வெந்நீர் போட்டு, எண்ணெய் காய்ச்சி, வடைக்கு ஊறப்போட்டிருப்பாள். ஏழு மணிக்கு எங்களுக்கு இட்லி, வடை, சட்னி, சாம்பார், கேசரி எல்லாம் ஆவி பறக்க வரவேண்டும். ஆபீசில் இருந்த காலத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. ஓய்வுபெற்ற வருஷம்தான் பார்த்தேன்: அவள் புதுப்புடவை கட்டும்போது மணி பதினொன்று. ஊரே பட்டாசு வெடித்து ஓய்ந்திருந்தது.

சரி, சுடச்சுட இட்லி என்கிறீர்களே, அந்த மாவு என்றைக்கு அரைத்தது? நேற்று. ராத்திரி முழுக்கப் புளித்தால்தான் அது இட்லி. ஐப்பசி மழையில் மாவு சீக்கிரம் பொங்காது என்று அவள் மதியமே அரைத்துவிடுவாள். நீங்கள் 'புதுசு' என்று கேட்பது கடைசிப் பத்து நிமிஷச் சூட்டைத்தான்.

செங்கல்பட்டில் ரயில் மாறினால் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மணிக்கணக்கில் வேகிறது. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மறுநாள் வரை தாங்கும் பண்டம் அது. புளிக்காய்ச்சலும் அப்படித்தான், நல்லெண்ணெய் மேலே மிதந்தால் நாலு நாளைக்குக் கவலையில்லை. இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் சோம்பேறிகளா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அங்கே 'பேன் பெர்துய்' என்று ஒரு காலைப் பலகாரம். மீந்து இறுகிப்போன ரொட்டியைப் பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்து ஊறவைத்து வெண்ணெயில் வாட்டுவார்கள். பெயருக்கு அர்த்தமே வீணாய்ப்போன ரொட்டி! அதைப் பிரெஞ்சுக்காரன் ரசித்துத் தின்கிறான். நம் வீட்டுப் பழைய சோற்றைச் சொல்லத்தான் நமக்குக் கூச்சம்.

எல்லாமும் தங்காது, அது உண்மைதான். தேங்காய்ச் சட்னி தங்கவே தங்காது. வடை மறுநாள் ரப்பர்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஏற்பாடு வேறு. முந்தின நாள் சாயங்காலமே டம்ளர்களில் காஞ்சிபுரம் இட்லி வெந்துவிடும். காலையில் துண்டு போட்டு ஆவியில் காட்டினால் போதும். மிளகாய்ப்பொடி ஒரு வாரம் முன்பே தயார். வடையை நிறுத்திவிட்டோம், மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சட்னி மட்டும் காலையில். அதை அரைப்பது நான். முதல் வருஷம் உப்புப் போட மறந்தேன்.

பெஞ்சு நண்பர் தீபாவளியன்று வந்தால் அவருக்கும் நாலு துண்டு உண்டு. முந்தின நாள் செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டுவேன்.