கேளாத கச்சேரி

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு நம்முள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மின் கிதாரும் முரசுமாக மேடையதிரப் பாடும் ராக் இசைக் குழுக்களைப்பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதுவானேன் என்று கேட்கவும் கூடும். ஆயினும் நம் இல்லங்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருக்கின்றனர். எவரோ ஒரு பாடகரின் படத்தைச் சுவரில் ஒட்டி, அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டுவிட வேண்டுமென்று அவர்கள் ஏங்குகின்றனர். அந்த ஏக்கம் எத்தகையது, நேரில் கண்டவர் பெற்றுத் திரும்புவது யாது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது நன்று. எண்ணிப் பார்ப்பதற்குப் பீட்டில்ஸ் குழுவினரின் கதையைவிடச் சிறந்த சான்று நமக்குத் தோன்றவில்லை.

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில் பிறந்த நான்கு இளைஞர்கள் இவர்கள்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். (இவர்களுள் பாலும் ஜார்ஜும் கத்தோலிக்கத் தாய்மாரின் மக்கள், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.) உலகப் புகழ் எய்துமுன், தம் ஊரில் ‘கேவர்ன்’ என்னும் நிலவறையில் இக்குழுவினர் பாடிவந்தனர். பண்டகசாலை ஒன்றின் அடியில் அமைந்த செங்கல் வளைவுக் கூடம் அது. கூட்டம் நிறைந்தால் மூச்சுக்காற்றின் ஈரமே சுவர்களில் வழிந்தோடுமாம். மது விற்பனை கிடையாது. தேநீரும் சூப்பும் உண்டு. அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞரும் பெண்களும் நண்பகல் இடைவேளையில் ஓடி வந்து, மேடைக்குக் கையெட்டும் தூரத்தில் அமர்ந்து, இன்ன பாட்டைப் பாடுங்கள் என்று கேட்பார்கள். மேடையிலிருப்பவரும் பதில் சொல்லுவர். 1961 பெப்ருவரி முதல் 1963 ஆகஸ்டு 3 வரை ஏறக்குறைய 290 முறை அங்கே அவர்கள் வாசித்தனர். பாடுவோரும் கேட்போரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருந்த காலம் அது.

இரண்டே ஆண்டுகளில் யாவும் மாறிவிட்டன. 1965 ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் ஞாயிற்றுக்கிழமையுமாகிய அன்று மாலை, நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் அவர்களுடைய கச்சேரி நடைபெற்றது. பேஸ்பால் ஆட்டத்திற்கென அதற்கு முந்திய ஆண்டில்தான் திறக்கப்பட்ட அரங்கு அது. கச்சேரியை ஏற்பாடு செய்தவர் சிட் பெர்ன்ஸ்டீன் என்பவர். ஏறக்குறைய ஐந்து டாலர் விலையுள்ள சீட்டுகளை வாங்கிக்கொண்டு 55,600 பேர் திரண்டனர். அவர்களுள் மிகப் பலர் சிறுமியரும் இளம் பெண்களுமே. அக்காலத்தில் ஒரு ராக் இசைக் குழுவுக்கு அத்தனை பெரிய கூட்டம் கூடியதில்லை. வசூல் 3,04,000 டாலர். இரசிகர்களின் கையில் அகப்பட்டால் உடைகூட மிஞ்சாது என்று அஞ்சி, நால்வரையும் முதலில் ஹெலிகாப்டரில் அருகிலிருந்த கட்டிடமொன்றின் கூரைக்குக் கொண்டு வந்து, பின்பு வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் அடைத்து அரங்கினுள் சேர்த்தனர். மைதானத்தின் நடுவே தனியே ஒரு மேடை. மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே வெறும் புல்வெளி; அதில் காவலர் மட்டுமே நின்றனர். மேலடுக்குகளில் அமர்ந்தோருக்கு அந்த நால்வரும் விரல் நுனியளவே தெரிந்திருப்பர்.

அவர்கள் வெளிப்பட்டதும் எழுந்த கூக்குரல், பன்னிரண்டு பாடல்கள் முடியும்வரை ஓயவேயில்லை. அந்தப் பன்னிரண்டு பாடல்களுக்கும் பிடித்த நேரம் அரைமணி!

இசை ஏன் கேட்கவில்லை என்பதைச் சற்று விளக்குவோம். இந்தக் கச்சேரிக்கென்றே 100 வாட்டு ஆற்றலுள்ள ஒலிபெருக்கிகளைக் கிதார்களுக்காகச் செய்து கொடுத்திருந்தனர். அந்நாளில் அது பெரிதாகக் கருதப்பட்டது. இன்று ஒரு சிற்றூர்த் திருவிழாவில் பந்தலடியில் அடுக்கும் பெட்டிகளுக்கே அதைவிட வலிமை அதிகம். பாடுவோரின் குரலோ, ஆட்டக்காரர் பெயரை அறிவிப்பதற்கென அரங்கில் பொருத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளின் வழியே சென்றது. மேடையில் நிற்பவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக அவர்களை நோக்கித் திருப்பி வைக்கும் ஒலிபெருக்கி அங்கே கிடையாது. இளம்பெண்களின் வீறிடலோ, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் உயர்ந்த சுருதியில் எழுவது. ஆயிரக்கணக்கான குரல்கள் ஒருங்கே அவ்வாறு எழும்போது 100 வாட்டு என்ன செய்யும்? முரசடித்த ரிங்கோ, முன்னால் நின்ற தோழர்களின் தலையும் இடுப்பும் அசைவதைப் பார்த்தே பாட்டு எவ்விடத்தில் செல்கிறது என்று ஊகித்து அடித்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். கச்சேரியைப் படமாக்கியவர்களுக்கும் தொல்லையே மிஞ்சியது. 1966 ஜனவரி 5 அன்று நால்வரையும் இலண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்துச் சில பாடல்களை மீண்டும் பாடவும் வாசிக்கவும் செய்து, அந்த ஒலியைப் படத்தில் ஒட்டினர். ஆகவே பிற்காலத்தில் வீட்டிலிருந்து அப்படத்தைக் கண்டவர், அரங்கிலேயே இருந்தவரைவிட நன்றாகக் கேட்டார் எனலாம்.

அப்படியானால் காசு கொடுத்துச் சென்ற அந்த 55,600 பேரும் ஏமாந்தவர்களா? இக்கேள்வியில்தான் நம் கவனம் நிற்கிறது. ஏனெனில், அன்று அங்கிருந்தவர்கள் முதுமையில்கூட அந்த மாலையைத் தம் வாழ்வின் பெரும்பேறாகவே பேசுகின்றனர். நடிகை மெரில் ஸ்ட்ரீப் பதினாறு வயதுப் பெண்ணாக அக்கூட்டத்தில் இருந்தார்; பாலின் மீது தமக்குள்ள அன்பை எழுதிய அட்டையைத் தாம் ஏந்தி நின்றதைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை என்று குறைபட்டுக்கொள்வோர் அரியர்.

நமக்குத் தோன்றுவது இது. பாட்டைக் கேட்பதற்கு அவர்கள் அங்கே செல்லவேண்டியதில்லை. இசைத்தட்டு வீட்டில் இருந்தது. தேயும்வரை போட்டுக் கேட்டு ஒவ்வோர் எழுத்தையும் மனப்பாடம் செய்திருந்தனர். மேடையில் தலையசைவு ஒன்று தெரிந்தால் போதும், எஞ்சிய பாட்டு முழுவதும் அவள் நெஞ்சிலிருந்தே எழும். அவளுக்கு இல்லாதிருந்தது வேறொன்று. தன் அறையில் தன்னுடன் தனியே பேசிய அந்தக் குரல்களுக்கு உடலும் உயிரும் உண்டா, அவர்கள் மெய்யாகவே இவ்வுலகில் நடமாடுகின்றனரா என்பதைக் கண்ணால் காணவேண்டியிருந்தது. கண்டதும், கொடுப்பதற்கு அவள் கையில் ஒன்றுமில்லை, குரலைத் தவிர. அதைக் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவளும் அப்படியே செய்தாள். தான் மட்டுமே இரகசியமாகப் போற்றிய ஒன்றை இத்தனை ஆயிரம் பேரும் போற்றுகின்றனர் என்று அறிந்த கணத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் அழுகை வராது? இதைப் பைத்தியம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அவசரத் தீர்ப்பு என்போம் நாம்.

இனி ஒரு தாயைப்பற்றிச் சொல்லவேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அவர்தாம். நியூயார்க்கில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் கறுப்பினத் தாய் ஒருவர் இரு பிள்ளைகளைப் பெரும்பாலும் தனித்தே வளர்த்து வந்தார். செவிலியாகவும் ஆசிரியையாகவும் உழைத்தவர். மகள் பங்குப் பள்ளியில் பயின்றவள். அச்சிறுமிக்கு ஒன்பது வயது. பீட்டில்ஸ் என்றால் உயிர். கறுப்புப் பெண்ணாகிய உனக்கு அந்த வெள்ளையர் மீது என்ன மோகம் என்று தோழிகள் கேட்பதுண்டாம். அவர்களை வெள்ளையர் என்று தாம் எண்ணியதே இல்லை என்றும், அவர்களைக் கண்டபோது எவரும் வரலாம், எல்லாருக்கும் இடமுண்டு என்ற உணர்வே தமக்கு உண்டாயிற்று என்றும் பின்னாளில் அவர் கூறினார். அந்த உணர்வு வெறுங்கற்பனையுமன்று. 1964 செப்டம்பர் 11 அன்று புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைப்பதாயின் பாடமாட்டோம் என்று பீட்டில்ஸ் உறுதியாகச் சொல்லி, பிரிவினையின்றியே பாடியவர்கள்.

கச்சேரிச் சீட்டு வேண்டுமென்று கேட்பதற்கே துணியாத வீடு அது. ஒருநாள் அந்தத் தாய், புறப்படு, வெளியே போகவேண்டும் என்றார். எங்கே என்று மகள் கேட்டதற்கு விடை சொல்லவில்லை. இரயிலேறி ஷே அரங்கை அடைந்தபின்னும் சிறுமிக்கு விளங்கவில்லை. இங்கே எதற்கு வந்தோம் என்றாள். அப்போது தாய் இரண்டு சீட்டுகளை எடுத்துக் காட்டினார். அந்தக் கணத்தில் தமக்கு வலிப்பு வந்ததுபோல் ஆயிற்று என்பார் மகள். வாசகர் பலர் அம்மகளை அறிவர். ஊப்பி கோல்ட்பெர்க் என்ற பெயருடன் 1991-இல் ஆஸ்கர் விருது பெற்றவர். 1992-இல் வெளிவந்த ‘சிஸ்டர் ஆக்ட்’ படத்தில் கன்னியர் மடத்தில் ஒளிந்து வாழும் பாடகியாக வந்து நம்மைச் சிரிக்க வைத்தவரும் அவரே. பீட்டில்ஸ் குழுவின் கச்சேரிகளைப்பற்றி ரான் ஹோவர்ட் 2016-இல் எடுத்த ஆவணப்படத்தில் இந்நிகழ்ச்சியை அவர் விவரிக்கும்போது, பாடல்களைவிடத் தம் தாயையே மிகுதியாக நினைவுகூர்கிறார் என்று நமக்குப் பட்டது. அந்தத் தாய்க்கு ராக் இசையில் எவ்வளவு நாட்டமோ நாமறியோம். மகளின் மனம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருந்தார்.

மேடையில் நின்றவர்களின் பக்கம் வருவோம். அன்றிரவு மலையுச்சியைக் கண்டதாக லெனன் பிற்பாடு சொன்னாரென்று பெர்ன்ஸ்டீன் கூறிவந்தார். உச்சியைக் கண்டவர் இறங்கத்தானே வேண்டும்? தம் வாசிப்பு நன்றாயிருந்தாலும் மோசமாயிருந்தாலும் ஒரே ஆரவாரம் என்று கண்டபோது கலைஞரின் உள்ளம் சோர்ந்துபோவது இயல்பே. கேவர்ன் நிலவறையில் தவறான ஒரு சுரம் விழுந்தால் முதல் வரிசை அறியும். ஷே அரங்கில் அறிவார் எவருமில்லை. இரசிகரின் அன்பு மிகுந்து மிகுந்து, தான் அன்புகூர்ந்த இசையையே மூழ்கடித்துவிட்டது.

1966-இல் நிலைமை மேலும் கெட்டது. அவ்வாண்டு மார்ச்சில் இலண்டன் நாளிதழ் ஒன்றில், தாங்கள் இயேசுவைவிடப் பிரபலமானவர்கள் என்று லெனன் கூறியது வெளிவந்தது. கோடையில் அமெரிக்க இதழொன்று அதை மறுபதிப்புச் செய்தது. சில வானொலி நிலையங்கள் தூண்டிவிட, பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைத் தெருவில் குவித்துத் தீயிட்டனர். அச்சொல் நமக்கும் கசப்பானதே. எனினும் திடீர்ப் புகழில் திகைத்த தொழிலாள வர்க்கத்து இளைஞன் ஒருவனின் வீண்பெருமை என்று 2008-இல் வத்திக்கான் நாளிதழே அதைப் பெருந்தன்மையாகக் கருதி விட்டுவிட்டது. ஆகஸ்டில் சிக்காகோ நகரில் லெனன் வருத்தம் தெரிவித்தபின் சுற்றுப்பயணம் தொடர்ந்தது. ஷே அரங்கில் ஆகஸ்டு 23 அன்று மீண்டும் பாடியபோது ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலியாயிருந்தன. அம்மாதத் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட ‘ரிவால்வர்’ இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டையேனும் அப்பயணத்தில் பாடவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் படைக்கத் தொடங்கிவிட்ட இசையை அந்த மேடையும் அந்தக் கூச்சலும் தாங்கா.

கடைசிக் கச்சேரி 1966 ஆகஸ்டு 29 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரின் கேண்டில்ஸ்டிக் அரங்கில் நடந்தது. விற்ற சீட்டுகள் ஏறக்குறைய 25,000. இனிப் பயணம் வேண்டாம் என்று நால்வரும் தமக்குள் முடிவு செய்திருந்தனர். வந்திருந்த இரசிகரிடம் எவரும் அதைச் சொல்லவில்லை. மேடைக்குப் புகைப்படக் கருவிகளைக் கொண்டு சென்று, பாட்டுக்குப் பாட்டு நிறுத்தித் தம்மையும் கூட்டத்தையும் படமெடுத்துக்கொண்டனர். தம்முடன் வந்திருந்த பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவிடம், இதைப் பதிவு செய்து வையும் என்று பால் கேட்டுக்கொள்ள, அவர் மைதானத்தில் நின்றபடி கையிலிருந்த சிறு கேசட் கருவியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பதினோராவது பாட்டு, கச்சேரியின் இறுதிப்பாட்டு, முடியுமுன் நாடா தீர்ந்துபோயிற்று. இரசிகர் வழக்கம்போல் வீறிட்டபடியே வெளியேறி, அடுத்த ஆண்டும் வருவார்கள் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்பினர்.