முதலில் கம்பம், அப்புறம் மோட்டார்

சிவகாசியில் டிஷ் மாட்டிப் பிழைப்பவன் நான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது எனக்கு மனப்பாடம்: "அண்ணாச்சி, மோட்டார் போட்டா எல்லாச் சேனலும் வந்துருமா?" வராது. மோட்டார் டிஷ்ஷைத் திருப்பும். பூட்டு போட்ட சேனலைத் திறக்காது.

ஆனாலும் அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. பட்டாசு ஆலையில் வெளிச்சம் போனால் வேலை நின்றுவிடும். அப்புறம் வீட்டில் டி.வி.தான். மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. அதில் இந்தி கொட்டிக் கிடக்கிறது, தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. அதன் சேனல் இடங்களைப் பிரசார் பாரதி ஏலம் விட்டால் பெரிய சந்தைக்காரர்கள்தான் எடுப்பார்கள். தென் மாவட்டத்து மாடிகளில் இன்னொரு செயற்கைக்கோளைத் தேட வைப்பது இந்த ஏலம்தான் என்பது என் கட்சி.

இன்னொன்று மட்டும் போதுமென்றால் மோட்டாரே வேண்டாம். ஆடாமல் அசையாமல் இரண்டு டிஷ், நடுவில் ஒரு டைசெக் சுவிட்ச். செலவும் குறைவு, சண்டையும் குறைவு. மோட்டார் டிஷ் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும்; கூடத்தில் பாட்டி சீரியல் பார்க்கும்போது உள்ளறையில் பேரன் வேறு பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வானத்தைத் துழாவுவதில் ருசி கண்டவர்களுக்குத்தான் மோட்டார். அவர்களும் விலையையும் வாரண்டியையும் பார்க்கிறார்களே தவிர அட்சரேகையைப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் வரிசையாக நிற்கின்றன. டெல்லிக்காரருக்கு அந்த வரிசை தெற்கே சரிந்திருக்கும். நாம் இருப்பது ஒன்பதரை டிகிரியில். நமக்கு அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே போகிறது. 83 டிகிரியிலிருந்து 93.5-க்கு மாறுவதற்குள் டிஷ்ஷைக் கம்பத்தில் சுமார் 30 டிகிரி திருப்பி, தலையையும் 9 டிகிரி போலத் தாழ்த்த வேண்டும். இரண்டையும் ஒரே அசைவில் செய்வதுதான் போலார் மவுன்ட். நம் பக்கம் அதன் அச்சு ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். வடக்கிலும் தெற்கிலும் கொக்கி போட்ட ஊஞ்சல் மாதிரி டிஷ் கிழக்கு மேற்காக ஆடும். அதனால் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, அட்சரேகை அளவுகோல் ஒன்பதரைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த மாடலாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

60, 90 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு, எல்என்பி கேபிளிலேயே கரண்ட் வாங்கி ஓடும் சின்ன மோட்டார் போதும். ஆறடி, எட்டடி சி பேண்ட் டிஷ்ஷை அதில் தொங்கவிடக் கூடாது. அதற்கு 36 வோல்ட் ஆக்சுவேட்டர் வேண்டும், தனி வயர் இழுக்க வேண்டும். தகட்டு டிஷ் ஆடிக்காற்றை அப்படியே முகத்தில் வாங்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் என்றால் வலை டிஷ்தான் என் சிபாரிசு.

எதை வாங்கினாலும் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நட்டை முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பத்தில் நடுவானச் சேனல் கிடைக்கும், ஓரத்துச் சேனல் நழுவும். வடக்கு தெற்குக்குத் தூக்குக்குண்டின் உச்சிவெயில் நிழலை விடச் சுத்தமான கருவி கிடையாது. நம் கடிகாரம் 82.5 டிகிரிக்கு ஓடுகிறது, நாமோ 78 பக்கத்தில் இருக்கிறோம். அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி தாண்டி 18, 19 நிமிடத்துக்குத்தான். சித்திரை பிறக்கிற சமயத்தில் அளக்காதீர்கள். சூரியன் நேர் மேலே நிற்கும், நிழலே விழாது.

ஆலைக்குப் போனால் இடிதாங்கி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. அதே ஆள் வீட்டு மாடியில் எட்டடி இரும்பை எர்த் இல்லாமல் நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐப்பசிக்கு முன்னால் கம்பத்துக்குத் தனி எர்த் இறக்குங்கள். மேகம் கறுத்ததுமே, இடி கிளம்புமுன், பாக்ஸிலிருந்து வயரைப் பிடுங்கிவிடுங்கள்.