மீன் தொட்டிக் கண்ணாடியில் கீறல்

தொட்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பற்பசை போட்டுத் தேய், பேக்கிங் சோடா போட்டுப் பார், வெள்ளிப் பாத்திர பாலிஷ் வாங்கு. கை வலிக்கத் தேய்த்தாலும் கீறல் அப்படியே இருக்கும். தேய்த்தவர் மேல் குற்றமில்லை. கறை என்பது கண்ணாடியின் மேல் படிந்த பொருள், தேய்த்தால் போகும். கீறல் விழுந்த இடத்திலோ கண்ணாடியே பெயர்ந்து போயிருக்கிறது. போனதைத் திரும்ப வைக்க முடியாது. கீறலை எடுப்பதென்றால், சுற்றியுள்ள கண்ணாடியை அதன் அடிமட்டம் வரை தேய்த்து இறக்க வேண்டும். நம்மூர்ப் பற்பசைகள் பலவற்றில் இருக்கும் சுண்ணாம்புத் துகளின் கடினம் மோஸ் அளவில் 3. கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5. மென்மையான ஒன்று கடினமானதைத் தேய்த்து இறக்காது.

எனவே முதல் வேலை, அது கீறல்தானா என்று பார்ப்பது. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் உப்பு படிந்து வெள்ளைக் கோடு கோடாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கீறலென்றே தோன்றும். தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டு, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பஞ்சைக் கால் மணி நேரம் அதன்மேல் ஒட்டிவைத்துத் துடையுங்கள். சாறு தொட்டிக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு மறைந்தால் கவலை விட்டது.

மறையாவிட்டால் கண்ணாடியைக் காயவைத்து, நகத்தைக் கோட்டின் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான கீறல். தட்டி நின்றால் ஆழமானது. இந்த ஒரு சோதனைதான் மேற்கொண்டு செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிறது.

கீறல் உள்பக்கமா, வெளிப்பக்கமா என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் விழும் ஒளியில் 4 சதவீதம் திரும்பி வருகிறது; தண்ணீரும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் அரை சதவீதம்கூட வருவதில்லை. அதனால்தான் காலித் தொட்டியில் பளிச்சென்று தெரிந்த உள்பக்கக் கீறல், தண்ணீர் நிரம்பியதும் மங்கிப்போகிறது. பழைய தொட்டி வாங்கப் போகிறவர்கள் ஈர விரலால் உள்பக்கக் கீறலை ஒருமுறை தடவிப் பார்க்கலாம். ஈரம் இருக்கும்வரை கோடு காணாமல் போனால், தண்ணீர் ஊற்றிய பிறகும் அது கண்ணை உறுத்தாது. அதை எடுக்க மெனக்கெட வேண்டியதில்லை.

நகத்தில் தட்டாத வெளிப்பக்கக் கீறல் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தால் சீரியம் ஆக்சைடு பொடி உதவும். தொலைநோக்கி ஆடிகளை மெருகேற்றுகிறவர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான். இது வெறுமனே உராய்வதில்லை. ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடிப் பரப்பிலுள்ள சிலிக்காவைப் பற்றி, நுணுக்கமாகப் பெயர்த்தெடுக்கிறது. தேய்த்த இடம் மங்காமல் பளபளப்பாக நிற்பது அதனால்தான்.

இதற்குத் தொட்டியைக் காலி செய்வதே நல்லது. நிறைந்த தொட்டியின் கண்ணாடியை அழுத்தித் தேய்க்கக் கூடாது. மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றி ஏர் பம்ப்பைப் போட்டுவிடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சும் அதே தண்ணீரில் கிடக்கட்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துப்போகும். கீறலுக்கு நேர் மறுபக்கத்தில் மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பொடிக் குழம்பைப் பூசியதும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கான் ஒட்டிய ஓரங்களுக்கு டேப் ஒட்டுங்கள். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு பொடியை மோர்ப் பதத்தில் கரைத்து, டிரில்லில் மாட்டிய ஃபெல்ட் பேடால் குறைந்த வேகத்தில் தேய்க்க வேண்டும். பேட் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, காயவும் கூடாது. அவ்வப்போது நிறுத்திப் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் ஆறவிடுங்கள், ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடியில் விரிசல் விழும். கீறலை மட்டும் குறிவைத்துத் தேய்த்தால் அங்கே குழி விழும், அது லென்ஸாக மாறி மீனையே வளைத்துக் காட்டும். கீறலைவிட அதுதான் கண்ணுக்குத் தொல்லை. அகலமாகத் தேய்க்க வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். முடித்ததும் பொடி துளியும் இல்லாதபடி பலமுறை கழுவிவிட்டே தண்ணீர் ஊற்றுங்கள்.

நகம் தட்டி நிற்கும் கீறலை வீட்டில் தேய்க்கவே வேண்டாம் என்பேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 250 லிட்டர். அதன் முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் வெளியே தள்ளும் விசை கிட்டத்தட்ட 120 கிலோ எடைக்குச் சமம். கண்ணாடி லேசாக வெளியே புடைக்கிறது, வெளிப்பரப்பு இழுபடுகிறது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்த இழுவை கீறலின் நுனியில் போய்க் குவிகிறது என்பதை கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கோடு கீறி லேசாக மடக்கியதும் கண்ணாடி இரண்டாக உடைவது இதே காரணத்தால்தான். ஈரம் பட்டால் விரிசல் மெல்ல மெல்ல வளரவும் செய்யும், ஆகவே இன்று தாங்குகிறது என்பது நாளைக்கு உறுதி ஆகாது. வெளிப்பக்கத்தில், நடுவாக்கில் ஆழமான கீறல் இருந்தால் அன்றைக்கே தண்ணீரைக் குறைத்துவிட்டு, அந்தப் பக்கக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள். கார் கண்ணாடிக்குப் போடும் ரெசினை நம்பித் தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டாம். அது கீறலை மறைக்கும், போன பலத்தை முழுதாக மீட்டுத் தராது.

கீறல் விழ முக்கியக் காரணம் மணல். மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7. மேக்னட் கிளீனருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரே ஒரு மணி சிக்கினாலும் இழுத்த நீளத்துக்குக் கோடு விழும். மணல்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயே மேக்னட்டை நிறுத்திக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். ஸ்கிரேப்பரில் துருப்பிடித்த பிளேடு வேண்டாம். ஆக்ரிலிக் தொட்டியானால் பிளேடே கூடாது. மேக்னட் தொட்டியின் அடியில் விழுந்துவிட்டால் அப்படியே மேலே இழுக்காமல் வெளியே எடுத்து அலசி, அதன் பரப்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.