777: பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு திறந்தது என்பதா?



தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பள்ளிக்கு இணையத்தளம் அமைக்க வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவியிருந்தார். விளையாட்டுப் போட்டியின் படங்களை ஏற்ற முயன்றபோது, 'கோப்புறையை உருவாக்க இயலவில்லை' என்று பிழைச்செய்தி வந்ததாம். கணினி தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். "எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடுங்கள் சார், வேலை செய்யும்" என்று பதில் வந்ததாம். போட்டார், வேலை செய்தது. "அவ்வளவுதானே?" என்று என்னைக் கேட்டார்.

அவ்வளவுதான் இல்லை! இது தீர்வே அன்று. சாவி பொருந்தவில்லை என்பதற்காகப் பூட்டைக் கழற்றி வீசிய கதை இது.

777 என்றால் என்ன? முதலாம் ஆண்டு மாணவரும் செய்யக்கூடிய கூட்டல் கணக்குதான். லினக்ஸ் வழங்கியில் படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் கோப்பின் உடைமையாளருக்கு உரியது. இரண்டாவது அவர் சார்ந்த குழுவுக்கு. மூன்றாவது மற்ற அனைவருக்கும். ஆகவே 777 என்றால், 'யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்' என்று நாமே எழுதிக் கொடுப்பதாகும்.

அந்த 'மற்ற அனைவர்' யார்? குறைந்த கட்டணத்தில் நாம் வாங்குவது பகிர்வு வழங்கி. ஒரே கணினியில் நம்மோடு முன்பின் அறியாத எத்தனையோ பேருடைய தளங்கள் குடியிருக்கின்றன. வழங்கி நிருவாகி கணக்குகளுக்கிடையே தனித் தடுப்பு வைத்திராவிட்டால், அவற்றுள் ஒன்றில் புகுந்தவன் நம் கோப்புறையிலும் எழுதலாம். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதையும் படித்துவிடலாம்.

பிறகு ஏன் இந்த அறிவுரை பரவியது? அதற்கும் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டுகளில் பல வழங்கிகளில் பிஎச்பி நிரல்கள் பொதுவான ஒரு பயனர் பெயரில் இயங்கின. நாம் எஃப்டிபி வழியாக ஏற்றிய கோப்புகளோ நம் கணக்கின் பெயரில் இருந்தன. கோப்பு ஒருவருடையது, எழுத வருபவர் வேறொருவர். எனவே நிறுவல் இடையில் நின்றது. வேறு வழி அறியாதவர்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. பெரும்பாலான பகிர்வு வழங்கிகளில் பிஎச்பி நம் கணக்கின் பெயரிலேயே இயங்குகிறது. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்புக்கு 600 போதும். சில வழங்கிகள் 777 கொடுத்த நிரலை இயக்க மறுத்து, 500 என்ற பிழையைக் காட்டுகின்றன. காலாவதியான மருந்தை இன்னும் கைராசி மருத்துவம் போலப் பரிந்துரைப்பது முறையா?

755 கொடுத்தும் எழுத முடியவில்லை என்றால், குறை பெரும்பாலும் உரிமையில் இல்லை, உடைமையில் இருக்கிறது. தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும்போதோ காப்புப் படியிலிருந்து மீட்கும்போதோ கோப்புகள் வேறு பெயருக்குப் போய்விடுவதுண்டு. வழங்கி நிறுவனத்திடம், "பிஎச்பி எந்தப் பயனர் பெயரில் இயங்குகிறது? என் கோப்புகளின் உடைமையை என் கணக்குக்கு மாற்றித் தாருங்கள்" என்று எழுதுங்கள். மாற்ற முடியாது என்றால் வேறு நிறுவனம் தேடுங்கள்.

இதை நான் ஏட்டறிவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. முன்னர் நான் பணியாற்றிய பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணத்தில் வெளியார் ஒருவர் தளம் அமைத்துத் தந்தார். ஒரு திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால், பிள்ளைகளின் படங்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரங்கள்! கோப்புகளை ஆராய்ந்தபோது, அமைப்புக் கோப்பு உட்பட எல்லாம் 777. திருடன் அந்த வழியாகத்தான் வந்தான் என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் அவனைத் தடுக்க அங்கே ஒரு கதவுகூட இல்லை என்பது உறுதி.

"சின்னப் பள்ளித் தளம், இதை யார் தாக்கப் போகிறார்கள்?" என்பார்கள். தாக்குபவன் பள்ளியின் பெயரைப் பார்த்து வருவதில்லை. தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் திறந்த கதவுகளைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. "ஆசிரியருக்கு எதற்கு இந்த வேலை?" என்றும் கேட்பார்கள். அந்தத் தளத்தில் இருப்பவை நம் மாணவர்களின் முகங்கள், பெயர்கள். அவற்றைக் காக்கும் பொறுப்பு நமக்கில்லாமல் வேறு யாருக்கு?

கணிதத் தேர்வில் வழிமுறை காட்டாமல் விடை மட்டும் எழுதும் மாணவனுக்கு நாம் முழுப் புள்ளி தருவதில்லை. 777 அப்படிப்பட்ட விடைதான். எப்படி வந்தது என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியாது. வகுப்பறையில் நாம் ஏற்காததைக் கணினிக்கு முன்னால் மட்டும் ஏன் ஏற்கிறோம்?

பெற்றோர்களே, உங்கள் பள்ளித் தளத்தை அமைத்தவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. எந்தக் கோப்புக்காவது 777 கொடுத்திருக்கிறீர்களா?
2. கொடுத்திருந்தால், ஏன்?
3. எப்போது திரும்ப மாற்றுவீர்கள்?

இரண்டாம் கேள்விக்கு "அப்போதுதான் வேலை செய்யும்" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். வழிமுறையைக் காட்டச் சொல்லுங்கள்.

நண்பர் அன்றிரவே எண்களை மாற்றினார். நிறுவனத்துக்கு எழுதி, கோப்புகளின் உடைமையையும் தம் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். படங்கள் ஏறின. கதவும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.