கறுப்பு அங்கி மட்டும் போதாது

“சட்டம் படித்தாற் பிழைக்க வழியுண்டா?” என்னும் கேள்வி இன்று நம் பெற்றோர் பலரின் நாவில் நிற்கின்றது. மகன் அப்புக்காத்தாக வேண்டும், அன்றேல் பிறக்கராசியாகவாவது ஆக வேண்டும் என்று காணியை ஈடு வைத்துப் படிப்பித்த தலைமுறை ஒன்றிருந்தது. அத்தலைமுறையின் பேரர்கள் இன்று அதே தொழிலை ஐயத்தோடு நோக்குகின்றனர். புதுக்கடை நீதிமன்ற வாயிலில் வழக்காட வந்தவரைவிட வழக்கறிஞரே மிகுதி என்று நகைப்போரும் உளர். இந்த ஐயம் எவ்வளவு நியாயமானது? புத்தளம் மாவட்டக் கரையோரத்து இளைஞர்க்கு இது எவ்வளவு பொருந்தும்? இவற்றை ஆராய்தல் இன்றியமையாதது.

போட்டி மிகுந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. 1874 இல் சட்டக் கல்லூரி தொடங்கிய பின் நெடுங்காலம் சட்டத் தொழிலுக்கு அஃதொன்றே பெருவாயிலாயிருந்தது. இன்றோ கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களும், திறந்த பல்கலைக்கழகமும் சட்டப் பட்டதாரிகளை அனுப்புகின்றன. இலண்டன் பட்டம் பெற்று வருவோரும் பலர். இவர்கள் அனைவரும் சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்வைக் கடந்து, ஆறு மாதம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்திற் சத்தியப் பிரமாணம் செய்தே சட்டத்தரணியாதல் வேண்டும். அதன் பின்னும் மூத்தவர் ஒருவரின் அறையில், ஊதியம் இன்றியோ பேருந்துச் செலவுக்கும் போதாத படியைப் பெற்றோ, சில ஆண்டுகள் கழிகின்றன. தந்தை செல்வராயிருந்தால் இக்காலத்தைக் கடக்கலாம். வெங்காயத் தோட்டத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை எவ்வாறு கடக்கும்?

தொழிலின் அமைப்பும் மாறிவிட்டது. அப்புக்காத்து, பிறக்கராசி என்ற இரு பிரிவுகளும் 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தால் ஒன்றாக்கப்பட்டன. 1974 முதல் யாவரும் சட்டத்தரணிகளே. இளையவர்க்கு முன்பு கைகொடுத்த சிறு பணத் தகராறுகளும் அயல்வீட்டுச் சச்சரவுகளும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகளுக்குச் செல்கின்றன. அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை. ஏழை மக்களுக்கு இது நன்மையே. எனினும் தொழிலிற் புதிதாய்ப் புகுந்தவனின் வருவாய் இதனாற் குறைந்ததும் உண்மையே.

ஆயினும், இவையாவும் உண்மையின் ஒரு பாதியே. மறு பாதியைக் காண வேண்டுமாயின் புதுக்கடையை விட்டு நம் கரைக்கு வருதல் வேண்டும்.

முன்னேஸ்வரம், உடப்பு, முந்தல், புத்தளம் நகர், கற்பிட்டி என நீளும் இக்கரையில் இந்துக்களும், முஸ்லிம்களும், கத்தோலிக்கருமாகத் தமிழ் பேசும் மக்கள் வாழ்கின்றனர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேயே. இம்மக்களின் வாழ்வில் வழக்குக்கு இடமான விடயங்கள் குறைவா? பங்கு பிரியாத தென்னங்காணி, குத்தகைக்குக் கொடுத்த இறால் வளர்ப்புக் குளம், கரைவலைப் பாடு, உல்லாச விடுதிக்கென்று விலை பேசப்படும் கற்பிட்டிக் கடலோர நிலம், வங்கிக்கு ஈடு வைத்த தோட்டம் — இவை ஒவ்வொன்றுக்கும் பின்னே ஓர் உறுதி உண்டு. ஒரு கையொப்பம் உண்டு.

அந்தக் கையொப்பத்தைப் பற்றியே நாம் முதலிற் கவலைப்படுகின்றோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. நொத்தாரிசோ தமக்கு அனுமதிக்கப்பட்ட மொழியிலேயே உறுதி எழுதுவார். தமிழில் எழுதும் நொத்தாரிசு அருகில் இல்லாத ஊரில் உழவன் என் செய்வான்? தான் வாசிக்க அறியாத எழுத்தின் கீழே, பிறர் வாய்மொழியை நம்பிக் கையொப்பமிடுவான். எல்லை எங்கே எழுதப்பட்டது, பங்கு எவ்வளவென்று குறிக்கப்பட்டது, கைமாறியது விற்பனையா ஈடா என்பவற்றை அவன் அறிவது பெரும்பாலும் அழைப்பாணை வந்த பின்னரே.

நீதிமன்றத்துக்குப் போனால் நிலை என்ன? 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 இல் நீதிமன்ற மொழிச் சட்டம் வந்தது. பின்னர் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தமும் நிலையை ஓரளவு மாற்றின. இன்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள். ஆயினும் வடக்குக் கிழக்குக்கு வெளியே பதிவேடும் நடவடிக்கையும் சிங்களத்திலேயே நடைபெறும். புத்தளமும் சிலாபமும் அவ்வெல்லைக்கு வெளியே உள்ளவை. தமிழில் வழக்குத் தாக்கல் செய்யவும், நடவடிக்கையிற் பங்குபற்றவும், அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டு. உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதைக் கேட்டு வாங்கித் தரும் வாய் எங்கே இருக்கின்றது? மொழிபெயர்ப்பாளர் இல்லையென்று ஒரு தவணை தள்ளிப்போனால், கடற்றொழிலாளிக்கு அன்றைய பிடியும் போயிற்று. நாட்கூலிக்கு அன்றைய சோறும் போயிற்று.

காலத்தில் ஆலோசனை கிடைக்காமையின் விலை என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒருவர் காணியை மற்றொருவர் பத்தாண்டுகள் எதிருரிமையோடு ஆண்டால், 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமை ஆள்பவர்க்கே போய்ச் சேரலாம். போரினால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் எவ்வாறு வழக்குத் தொடுப்பான்? இந்த அநீதியைத் தீர்க்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விடும் சலுகையை அது தந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. அந்த இரண்டு ஆண்டுகள் 2018 இல் முடிந்தன. புத்தளத்தில் ஓலைக் குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் வாழ்ந்த எத்தனை குடும்பங்களுக்கு இச்சட்டத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் வந்தார்? பாராளுமன்றம் திறந்த கதவு, அதைச் சுட்டிக்காட்ட ஆளில்லாவிடின், பூட்டிய கதவுக்குச் சமமன்றோ!

ஆகவே, சட்டத்தரணிகள் மிகுந்துவிட்டனர் என்பது கொழும்பின் கூற்று. மக்களின் மொழியில் அவர்களுக்கு அருகிலிருந்து பணிபுரிவோர் போதா என்பது கரையின் கூற்று. இரண்டும் உண்மையே. இளைஞர்க்குரிய வழி இவ்விரண்டுக்கும் இடையிலேயே இருக்கின்றது. கொழும்பிற் பெரு வழக்குகளின் கட்டணத்தை இங்கே எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் உறுதி, ஈட்டு முறி, குத்தகை, உரிமை ஆராய்வு, பிரிவிடல் வழக்கு என்பன ஆண்டு முழுதும் வருவன. பெரும் புகழ் தராவிடினும் நிலையான வாழ்வைத் தருவன.

ஆனால் இதற்கு ஒரு தகுதி வேண்டும். சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்திலேயே நடத்துவதென 2020 டிசம்பரில் வர்த்தமானி வெளியாயிற்று. 2023 மார்ச்சிற் பாராளுமன்றம் அவ்விதிகளைத் தோற்கடித்தது. தமிழில் தேர்வெழுதும் உரிமை காக்கப்பட்டதை நாம் வரவேற்றோம். கிராமப் பிள்ளைக்கு அக்கதவு திறந்தே இருத்தல் வேண்டும். எனினும் அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் பேதைமை. உயர்ந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சிலாபத்து நீதிமன்றத்தின் பதிவேடு சிங்களத்தில் உள்ளது. கட்சிக்காரன் துயரைச் சொல்வதோ தமிழில். மும்மொழியும் அறிந்தவனே இக்கரையில் முழு வழக்கறிஞன். சிங்களம் கற்பது அடிபணிவாகாது. அது வழக்கின் ஆயுதம். சிங்களச் சூழலிலேயே வளரும் நம் பிள்ளைகளுக்கு அம்மொழி எளிதில் வரும். யாழ்ப்பாணத்து மாணவர்க்கு எளிதில் வாய்க்காத வாய்ப்பு அது. ஆனால் அதற்கு ஈடாகத் தமிழை இழந்துவிடின், பெற்றதாற் பயனென்ன?

இம்மண்ணுக்கு இது புதுமையுமன்று. 1807 இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் ஆங்கிலத்தில் ‘சிலோன் கசற்றியர்’ வெளியிட்டார். சட்ட நிரூபண சபையில் அமர்ந்தார். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணிபுரிந்தார். 1859 இற் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலில் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்தளித்தார். நீதியாசனமும் தமிழும் ஒருவரிடமே பொருந்தியிருந்த கரை இது.

நாம் வேண்டுவன சில. நீதியமைச்சர், அமைச்சரவையின் இசைவோடு, ஒரு நீதிமன்றத்தின் பதிவேட்டை வேறு மொழியிலும் பேணப் பணிக்கலாம் என்று 24 ஆம் உறுப்புரையே கூறுகின்றது. புத்தளம் மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் செறிந்துள்ள பகுதிகளின் நீதிமன்றங்களுக்கு அவ்வதிகாரம் பயன்படுத்தப்படல் வேண்டும். நிரந்தர மொழிபெயர்ப்பாளர் நியமிக்கப்படல் வேண்டும். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு தமிழறிந்தோரைக் கொண்டு ஊர்தோறும் ஆலோசனை நாட்களை நடத்துதல் வேண்டும். மூத்த சட்டத்தரணிகள் இளையவரின் உழைப்புக்கு மனச்சாட்சிக்கு ஒத்த படியை வழங்குதல் வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பரிபாலன சபையினர் திருவிழாவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை ஏழை மாணவர் ஒருவரின் பயிற்சிக் காலச் செலவுக்கு ஒதுக்கினால், ஐந்தாண்டுகளில் அதன் பயனை ஊரே காணும்.

இளைஞர்களே! அங்கியின் நிறத்தைப் பார்த்து இத்தொழிலுக்கு வாராதீர்; கூட்டத்தைப் பார்த்து அஞ்சி ஓடவும் வேண்டா. கையொப்பமிடுமுன் தன் உறுதியைத் தன் மொழியில் ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டுமென்று காத்திருக்கும் உழவன் உங்கள் ஊரிலேயே இருக்கின்றான். அவனுக்குப் பயன்படக் கற்றவர்க்கு இத்தொழிலில் இடம் உண்டு.