செயப்பாட்டுவினை விழுங்கிய மனிதர்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தொடரில் வந்து நின்றுவிட்டேன். “ஸ்டியரிங் பொருத்தும் சட்டகம் உள்ளூரில் செய்யப்பட்டது.” நானே எழுதியதுதான். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் செய்தவரைத் தொடரில் காணவில்லை.

திடீர் இடையூறுகளுக்கு வாகன ஓட்டுநர்கள் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறார்கள் என்பதே என் ஆய்வு. முழு அளவிலான சிமுலேட்டர் வாங்கத் துறையில் நிதியில்லை. எனவே கார்ப் பந்தய விளையாட்டுக்கென விற்கப்படும் ஸ்டியரிங்கையும் மிதிகளையும் வாங்கினோம். விளையாட்டுப் பொருள்தான், ஆயினும் 900 பாகை சுழலும், சாலையின் எதிர்விசையை மோட்டார் வழியே கைக்கு உணர்த்தும். அதை மேசை விளிம்பில் இறுக்கிச் சோதனையைத் தொடங்கினேன். பிரேக்கை அழுத்தியதும் மிதிகள் முன்னே நழுவின. உருளை நாற்காலி பின்னே ஓடியது. இருக்கையும் மிதியும் ஒரே சட்டகத்தில் பிணைக்கப்படாதவரை நியூட்டனின் மூன்றாம் விதி யாருக்கும் சலுகை தராது. அன்று நான் அளந்தது ஓட்டுநரின் எதிர்வினையை அன்று, நாற்காலியின் ஓட்டத்தை.

ஒரு வரைபடத்துடன் எங்கள் பல்கலைக்கழகப் பணிமனைக்குச் சென்றேன். அங்குள்ள தொழில்நுட்பர் மாணவர் அனைவருக்கும் ‘மிஸ்திரிஜி’. வரைபடத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “உட்காரப்போகிறவர்கள் எல்லாரும் உங்கள் உயரம்தானா?” 150 செ.மீ. உயரத்தவரும் 185 செ.மீ. உயரத்தவரும் வரவிருந்தனர். உயரத்தை மாற்றும் வசதி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய்க்குள் ஒன்றேகால் அங்குலக் குழாய் நுழைய வேண்டும். தாளில் நுழைந்தது, கையில் நுழையவில்லை. குழாயின் உட்புறத்தில் பற்றவைப்புத் தழும்பு ஒன்று ஓடுவதை நான் அறிந்திருக்கவில்லை. அவர் அதை அரத்தால் தேய்த்தார். இப்போது குழாய் நுழைந்தது, ஆனால் இடைவெளியால் ஆடியது. வெளிக்குழாயின் அடுத்தடுத்த இரு முகங்களில் துளையிட்டு, அவற்றின்மேல் நட்டுகளைப் பற்றவைத்து, இரு திருகுகளால் உட்குழாயை எதிர்மூலைக்குத் தள்ளி இறுக்கினார். ஆட்டம் நின்றது. ஸ்டியரிங்கைத் தாங்கும் கையையும் பாதியாக வெட்டச் சொன்னார். ஒருமுனை மட்டும் பொருத்திய உத்தரத்தின் நீளம் பாதியானால், அதே சுமைக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகும். அந்தச் சூத்திரத்தில் நான் தேர்வெழுதியிருக்கிறேன். வரைந்தபோது நினைவுக்கு வரவில்லை.

இதற்குப் பின்னும் ‘செய்யப்பட்டது’ என்று எழுதுவது நேர்மையா?

இந்தப் பழக்கம் பழையது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயிலின் ஆய்வுக்கூடத்தில் உழைத்த பெயரற்ற கைகளைப் பற்றி, அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதினார். பாயிலுக்குக் காற்றுப்பம்பு அமைத்துத் தந்த ராபர்ட் ஹூக் பின்னாளில் தனிப் புகழ் பெற்றார். மற்ற உதவியாளர் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

‘அவருக்குச் சம்பளம் தரப்படுகிறதே’ என்பர் சிலர். நமக்கும் உதவித்தொகை தரப்படுகிறது. அதற்காக நம் பெயரை நாம் விட்டுக்கொடுப்பதில்லை. ‘கட்டுரைக்குப் பொறுப்பேற்காதவர் ஆசிரியராக முடியாது’ என்பது வலுவான மறுப்பு, ஏற்கிறேன். நான் கேட்பது ஆசிரியர் தகுதி அன்று. ஆய்வுமுறைப் பகுதியில் அவர் தீர்த்த சிக்கலும், நன்றியுரையில் அவர் பெயரும் பணியும் இடம்பெற வேண்டும். பங்களிப்பாளர் பணிகளை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் வகைப்பாட்டை இன்று பல இதழ்கள் கேட்கின்றன. அதை நிரப்பும்போதாவது பணிமனையை நினைக்கலாம்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அன்று. மிஸ்திரிஜி விரைவில் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் வருவாரா என்பது ஐயமே. நம் கட்டுரைகள் எதிலும் தென்படாத ஒரு பணியிடம் தேவை என்று நிர்வாகத்திடம் எதைக் காட்டி வாதிடுவோம்?

தொடரை மாற்றி எழுதிவிட்டேன். பெயரைச் சேர்க்க அவரிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “பெயரைப் போடுங்கள்; கூடவே அந்த இரண்டு திருகுகளையும் படமாகப் போடுங்கள். அடுத்து செய்கிறவன் திண்டாட வேண்டாம்” என்றார்.

நண்பர்களே, உங்கள் ஆய்வேடுகளிலும் ‘செய்யப்பட்டது’ என்ற சொல்லை ஒருமுறை தேடிப் பாருங்கள்.